மாலை போட்டால் லீவு உண்டு

விருத்தாசலம்
20.10.2024

தேவநாதனுக்கு,

நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். கம்பத்தில் நீயும் சிவசங்கரியும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பது வருடம் கழித்து அண்ணன் கையெழுத்தைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டான் என்று நினைத்துவிடாதே. சடங்கு எதுவும் கூடாது என்று சொல்லிச் சொல்லிச் செத்தவர் அப்பா. அவருக்கு ஐயரைக் கூட்டிவந்து பிண்டம் வைத்தவன் நீ. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் முன்னால் 'இனி உன்னோடு எனக்குப் பேச்சில்லை' என்றேன். அது அப்படியே நிற்கிறது. பேச்சுதான் இல்லை என்றேன், எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் ஃபோன் செய்யாமல் தபாலில் எழுதுகிறேன்.

எனக்கு ஹெர்னியா. அடிவயிற்றில் வலது பக்கம் குடல் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. கச்சை கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். இனி ஓட்ட முடியாது, எப்போது வேண்டுமானாலும் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் படுக்கை. மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது.

இதைக் கம்பெனியில் சொல்ல முடியாது. செராமிக் தொழிற்பேட்டையில் சூளை பார்க்கிறவன் ஒரு மாதம் இல்லையென்றால் அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான். எங்கள் கம்பெனியில் நல்லமுத்து என்று ஒருவர் இருந்தார். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது பேட்டை வாசலில் ஸ்டூல் போட்டு வெற்றிலை பாக்கு விற்கிறார். போன வாரம் என்னிடம் சொன்னார்: "நான் படுத்திருந்தப்ப மொதலாளி பழமெல்லாம் வாங்கிட்டு வந்து பாத்தாரு சார். நல்லா ரெஸ்ட் எடுன்னாரு. இன்னும் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஆனால் இதே கம்பெனியில் ஒரு லீவை மட்டும் யாரும் மறுத்ததில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவன் எத்தனை நாள் கேட்டாலும் கிடைக்கும். திரும்பி வந்தால் அவன் இடம் அவனுக்கே. முதலாளி ஆனந்தராஜ் வருடா வருடம் மலைக்குப் போகிறவர்.

ஆகவே நான் மாலை போடப் போகிறேன். பாதயாத்திரை என்று சொன்னால் ஒரு மாதம் கிடைக்கும். விருத்தாசலத்திலிருந்து எந்த வழியாக நடப்பார்கள், மாலை போட்டவன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான், மலையில் எந்த இடம் கடினம், எல்லாம் விவரமாக எழுது. கடைசியில் கம்பெனியில் கொடுக்க அரவணைப் பாயசமும் அப்பமும் வாங்கி அனுப்பு. உன் சாமி எனக்குச் செய்கிற முதல் உபகாரமாக இருக்கட்டும்.

சிவசங்கரியை விசாரித்ததாகச் சொல்.

அன்புச்செல்வன்


கம்பம்
1.11.2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி தேவநாதன் வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் உடம்பு இப்படி ஆகியிருப்பது தெரிந்து நேற்று தீபாவளி எங்களுக்குத் தீபாவளியாக இல்லை. சிவசங்கரி அழுதாள்.

அண்ணே, ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். ஏலக்காய்க் கடையில் சொல்லிவிட்டு நான் கிளம்பி வருகிறேன். ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறேன். நீங்கள் பேச வேண்டாம், நானும் பேசவில்லை. கூட இருந்தால் போதும்.

முதலாளியிடம் உள்ளதைச் சொன்னால் என்ன? உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லையா? ஈ.எஸ்.ஐ.யில் லீவு போட்டவனை வேலையை விட்டு எடுக்க முடியாது என்று இங்கே சொல்கிறார்களே. அவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிறீர்கள். வேஷம் வேண்டாம் அண்ணே. மாலை அதற்கானது இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கச்சையை அவிழ்க்காமல் இருங்கள்.

என்றும் தம்பி,
தேவநாதன்


விருத்தாசலம்
17.11.2024

தேவநாதனுக்கு,

வலி இருக்கிறது. மற்றபடி நலம். அங்கே பனி தொடங்கியிருக்கும், சிவசங்கரிக்கு ஆஸ்துமா என்று எப்போதோ கேட்ட ஞாபகம்.

சட்டம் சொல்லித் தந்ததற்கு நன்றி. என் சம்பளம் வரம்பைத் தாண்டியது என்று ஈ.எஸ்.ஐ.யிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கிறவன் தொழிலாளி இல்லை என்று சங்கத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எம்.எஸ்சி. வேதியியல் படித்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இதுதான். கம்பெனியில் கூலி வேலை பார்க்கிற ஆராயி காய்ச்சல் என்று போனால் கேட்க நாதி உண்டு. எனக்கு இல்லை.

நீ வர வேண்டாம். நீ ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்தால் விருத்தாசலத்துக்காரன் எவனாவது பார்ப்பான். அதோடு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மயக்க ஊசி போட்டுக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

நேற்று கார்த்திகை முதல் தேதி. மாலை போட்டாயிற்று. அதற்கு முந்திய வாரமே முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"பாதயாத்திரையா? நீங்களா சார்?" என்றார்.

"ஆமாம்."

"சூளைக்குப் பூச போடும்போது கூட வெளில போயி நிப்பீங்களே."

"வயசாகுது," என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். என் காலைத் தொட்டார். அவர் அப்பாவுக்கு நான் சூளை கட்டிக் கொடுத்தபோது இந்தப் பையன் அரை டிராயரில் களிமண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். சம்பள உயர்வு கேட்டுப் போய் நின்றபோதெல்லாம் தலை நிமிராதவன்.

"மார்கழில கெளம்புங்க. எத்தன நாளு ஆனாலும் ஆவட்டும். சூளைய காத்தவராயன் பாத்துக்குவான். உங்க எடம் எங்க போயிடப் போவுது சாமி," என்றார்.

சார் போய்ச் சாமி ஆனேன். வெளியே வந்து சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது.

நான் கேட்ட விவரங்களை நீ எழுதவில்லை. எழுது.

அன்புச்செல்வன்


கம்பம்
26.11.2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். சிவசங்கரிக்கு இந்த வருடம் பரவாயில்லை. நீங்கள் அதை மறக்காதது அவளுக்குச் சந்தோஷம்.

கேட்டதால் எழுதுகிறேன். விடிவதற்குள்ளும் மாலையிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். தரையில் பாய். செருப்பு இல்லை, சவரம் இல்லை. எல்லாரையும் சாமி என்றே கூப்பிட வேண்டும், சின்னப் பிள்ளையையும்கூட. கோபப்படக் கூடாது. பொய் பேசக் கூடாது.

எருமேலியிலிருந்து பெரிய பாதையில் போனால் அழுதா ஆற்றை ஒட்டிய ஏற்றம் கடினம். ஆற்றில் ஒரு கல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறி, மேலே குன்றில் போடுவோம். கரிமலையில் மூச்சு நின்றுவிடும் போல இருக்கும். ஈரமண், வேர், வழுக்கல். முன்னால் போகிறவன் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் காற்று அடிக்கும்போது எதற்கு என்று தெரியாமல் அழுகை வரும். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எங்கள் குழு மார்கழி கடைசியில் போகிறது.

ஆபரேஷன் தேதியை எழுதுங்கள்.

தம்பி,
தேவநாதன்


விருத்தாசலம்
15.12.2024

தேவாவுக்கு,

புயல் மழையில் பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. காய வைத்த, இன்னும் சுடாத பச்சைச் சாமான் பாதி கரைந்துவிட்டது. நான் நனையவில்லை. நலம். அங்கே மண் சரிவு என்று செய்தியில் பார்த்தேன், உங்கள் பக்கமா?

தேதி குறித்தாயிற்று. இருபத்தாறாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

கருப்பு வேட்டியில் சூளைப் பக்கம் போகிறேன். கோபப்படக் கூடாது என்று எழுதியிருந்தாய். அது மட்டும்தான் உண்மையில் கடினம். பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்குகிற இடத்தில் ஆராயி தூசி படிந்த சாமானை அப்படியே முக்கினாள். என்றைக்கும் போலக் கத்த வாயைத் திறந்தேன். "சாமி" என்று வந்தது. அவளும் "சொல்லுங்க சாமி" என்றாள். அதற்குமேல் என்ன கத்துவது? தூசியைத் துடைத்துவிட்டு முக்கச் சொன்னேன்.

இந்த ஒரு மாதமாக யாரும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதில்லை. டீக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். வேல்விழி என்னோடு வாழ முடியாது என்று ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அண்ணன் வீட்டுக்கே போய்விட்ட பிறகு, அடுத்தவர் ஆற்றிக் கொடுத்த டீயை நான் குடித்தது இப்போதுதான். இந்த மரியாதை எனக்கில்லை, மணிமாலைக்கு என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்போது ஒரு தொல்லை. ஆராயி ஒரு தேங்காயும் நெய்யும் கொண்டுவந்தாள். மருமகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டதாம். "நடந்து போறவங்க கையால போனா சாமி கேக்கும்," என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அன்று சாயந்திரம் காத்தவராயன் ஒன்று. அடுத்த நாள் பேக்கிங் பெண்கள். முதலாளியின் அம்மா ஆதிலட்சுமி கம்பெனிக்கே வந்து, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஒன்று கொடுத்தார். அவர் ஆபரேஷனை ஊருக்கே சொல்லலாம். வாசலில் நல்லமுத்து கூப்பிட்டு, "எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க சார். வேல திரும்பக் கெடைக்கணும்னு வேண்டிக்கிங்க," என்றார்.

வீட்டில் மூலையில் அடுக்கி வைத்திருக்கிறேன். பொய் என்னுடையது, தேங்காய்கள் என்னுடையவை அல்ல. குப்பையில் போட மனம் வரவில்லை. உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற நிலவரத்தைச் சொன்னேன்.

அன்புச்செல்வன்


புதுச்சேரி
30.12.2024

தேவாவுக்கு,

ஆபரேஷன் முடிந்தது. தும்மாமல் இருந்தால் நலம். நீயும் அவளும் நலம்தானே? நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. இதற்கும் எழுதுவாயா தெரியாது. படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்.

கோயிலில் இருமுடி கட்டினார்கள். குருசாமி தேங்காய்களைத் துளைத்து நெய் ஊற்றி அடைத்தார். "சொந்தக்காரங்க வந்து அரிசி போடுங்க," என்றார். எனக்கு யார்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால் கம்பெனியே வரிசையில் நிற்கிறது. ஒவ்வொருவரும் ஒரு பிடி போட்டார்கள்.

மணிமுத்தாற்றுப் பாலம் வரை வழியனுப்பினார்கள். அதைத் தாண்டியதும் பஸ் ஏறிவிடலாம் என்பது என் கணக்கு. காத்தவராயன் வண்டியில் தண்ணீர்க் கேனோடு பின்னாலேயே வந்தான். "மொத நாளு கொஞ்ச தூரம் தொணைக்கு வரேன் சாமி." கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் விடவில்லை. தலையில் இருமுடி, இடுப்பில் கச்சை, காலில் செருப்பில்லை. பிதுங்கியதைக் கையால் அழுத்திக்கொண்டு நடந்தேன். "ஏன் சாமி வயித்தப் புடிச்சிக்கிறீங்க?" என்றான். பசி என்றேன். அவன் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினான்.

ஸ்ரீமுஷ்ணம் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். ஸ்ரீமுஷ்ணத்தில், வேல்விழி இருக்கிற ஊரில், பஸ் நின்றபோது தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்க யாரும் நின்றிருக்கவில்லை என்பதே சரி.

இருமுடியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக முடியாது. சிதம்பரத்தில் இறங்கி, உன் விலாசம் எழுதி பஸ் பார்சலில் கொடுத்தேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சாமி, இருமுடிய யாராச்சும் பார்சல்ல போடுவாங்களா?"

"தம்பி முன்னாடி போறான். அவன்கிட்ட போய்ச் சேரணும்," என்றேன்.

"அப்ப நீங்க?"

ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே, கூட வந்தவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். யாரும் வரவில்லை என்றால் ஆபரேஷன் இல்லையாம். பக்கத்துக் கட்டிலில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர். அவர் மனைவி வீரம்மாள், "நான் போடறேங்க. தங்கச்சின்னு எழுதிக்கிங்க," என்றாள். நர்ஸ் மாலையைக் கழற்றச் சொன்னாள். அதையும் வீரம்மாள்தான் வாங்கிக்கொண்டாள். "கீழ வைக்கக் கூடாதுண்ணே. நீங்க வர வரைக்கும் மடியிலேயே வச்சிருக்கேன்," என்றாள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.

மயக்கம் தெளிந்ததும் யாரோ பேர் கேட்டார்கள். நான் உன் பேரைச் சொன்னேனாம். மருந்தின் வேலை.

அன்புச்செல்வன்


கம்பம்
11.1.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். தையல் ஆறிவிட்டதா? கஞ்சி மட்டும் குடிக்காமல் நன்றாகச் சாப்பிடுங்கள். அந்த வீரம்மாள் அக்காவின் விலாசம் இருந்தால் எழுதுங்கள். சிவசங்கரி ஏலக்காய் அனுப்பி வைக்கிறாளாம்.

பார்சல் வந்தது. நீங்கள் எழுதியதற்கெல்லாம் உடனே பதில் எழுதாதது தப்புதான். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நாங்கள் மலைக்குப் போய் வந்தோம். அரவணையும் அப்பமும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிரசாதம் யாருக்கும் கொடுக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் உங்கள் இருமுடியை நான் எடுத்துப் போகவில்லை. ஒருவன் தலையில் ஏற்றிய இருமுடியை அடுத்தவன் மாற்றிக்கொள்வது எங்கள் குழுவில் வழக்கமில்லை. பூஜை அறையில் இருக்கிறது. தினம் விளக்கு வைக்கிறேன்.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

மூன்று மாதத்துக்குக் கனம் தூக்க வேண்டாம். இதை மட்டும் கேளுங்கள்.

தம்பி,
தேவநாதன்


விருத்தாசலம்
29.1.2025

தேவாவுக்கு,

தழும்பு காய்ந்துவிட்டது. நலம். நீங்களும் நலமாயிருங்கள்.

வழக்கம் பேசுகிறாய். அப்பாவின் வார்த்தையை மீறும்போது உனக்கு வழக்கம் தடுக்கவில்லை. போகட்டும். பிரசாதத்துக்கு நன்றி.

தை பிறந்து பத்து நாள் கழித்து, சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனேன். என் நாற்காலி என் நாற்காலியாகவே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். நல்லமுத்துவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது, புத்தியால் கிடைத்தது என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அழுதாவில் கல் எடுத்ததையும், கரிமலையில் முன்னால் போனவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டு ஏறியதையும் சொன்னேன். உச்சியில் காற்று அடித்தபோது அழுதேன் என்றேன். ஆராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் கடிதத்தைத்தான் ஒப்பித்தேன். நன்றாகவே சொன்னேன்.

பிறகுதான் வினை. பொங்கலுக்குப் போன லோடிங் ஆட்கள் பாதிப்பேர் திரும்பவில்லை. சாமான் ஏற்றிய டிராலியைத் தண்டவாளத்தில் சூளைக்குள் தள்ள எல்லாரும் வர வேண்டும் என்றார் முதலாளி.

"நீங்களும் ஒரு கை குடுங்க சாமி. மலைக்கே நடந்து போயிட்டு வந்த ஒடம்பு. வயிறு கூட உள்ள போயிடிச்சி பாருங்க. எங்க எல்லாரையும் விட நீங்கதான் இப்ப பலசாலி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழங்கால் வலி என்று ஒரு நாள், காலில் கொப்புளம் என்று ஒரு நாள் தப்பித்தேன். காசிக்கு ரயிலில் போவதாகச் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நாளைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அன்புச்செல்வன்


விருத்தாசலம்
18.2.2025

தேவாவுக்கு,

உடம்பு நலம். இதைத் தவிர நல்லதாக எழுத ஒன்றுமில்லை. உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு வேலை போய்விட்டது.

போன வாரம் டிராலி தண்டவாள இணைப்பில் சிக்கிக்கொண்டது. ஆள் போதவில்லை. என்னைவிட மூத்தவள் ஆராயி, அவளே தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக நின்றேன். "என்னா சாமி வேடிக்க பாக்குறீங்க? வாங்க," என்றாள். போய்க் கையை வைத்தேன். தள்ளினேன். தையல் போட்ட இடத்தில் சுருக்கென்று இழுத்தது. பயத்தில் கையை எடுத்துவிட்டேன். நான் நின்ற பக்கம் டிராலி பின்னால் உருண்டது. மேலடுக்கு சரிந்து பச்சைச் சாமான் மொத்தமும் ஆராயி காலடியில் விழுந்து நொறுங்கியது. காத்தவராயன் அவளை இழுத்திருக்காவிட்டால் கால் போயிருக்கும்.

முதலாளி ஓடிவந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். வேறு என்ன சொல்வது? மலைக்குப் போகவில்லை, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்றேன்.

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?" என்றார் முதலாளி.

"சொல்லியிருந்தா நல்லமுத்து பக்கத்துல எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருப்பீங்க."

"நல்லமுத்துவுக்கு இனிமே குனிய முடியாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்தாரு. உங்களுக்கு ஒரு மாசந்தான சார். குடுத்திருக்க மாட்டேனா?"

கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்றும் தெரியாது. இனி அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இருபத்தேழு வருடமாக நான் சேர்த்துவைத்த கோபம் எல்லாவற்றையும்விட இதுதான் இப்போது உறுத்துகிறது.

"ஆபரேஷனுக்காக உங்கள போகச் சொல்லல," என்றார். "மாலையப் போட்டுக்கிட்டு எங்கம்மா கையால தேங்கா வாங்குனீங்க. நான் காலத் தொட்டேன். இனிமே உங்க கையால சூளைக்கு எப்படி சார் நெருப்பு வைக்கச் சொல்றது? ஆளுங்க ஒத்துக்குவாங்களா?"

காத்தவராயன் விளக்குமாறு எடுத்துவந்து நொறுங்கியதைக் கூட்டத் தொடங்கினான்.

ஆராயி மட்டும் வாசல் வரை வந்தாள்.

"சார், என் தேங்கா எங்க?"

"கம்பத்துல. என் தம்பி வூட்டுல இருக்குது."

"மலைக்குப் போவலியா?"

"இல்ல."

"மருமவ முழுவாம இருக்கறா சார். தேங்கா போயிடிச்சின்னுதான் தைரியமா இருக்கறா. நான் போயி இத எப்படி சொல்லுவேன்?"

"சொல்லாத. போவும்," என்றேன்.

"யாரு எடுத்துட்டுப் போவா?"

அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு கம்பெனிகளில் கேட்டேன். பேட்டை சின்னது. ஆபரேஷன் ஆனவன் என்று ஒரு இடத்தில், பொய் மாலை போட்டவன் என்று மற்ற இடங்களில்.

அன்புச்செல்வன்


கம்பம்
25.2.2025

அண்ணனுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. சிவசங்கரி நலம். நான் நன்றாகத் தூங்கவில்லை.

அண்ணே, வழக்கம் என்று எழுதியது என் பிடிவாதம். அன்றைக்கே எடுத்துப் போயிருந்தால் நீங்கள் அந்த அம்மாவுக்கு ஒரு பதிலாவது சொல்லியிருக்கலாம். சித்திரை விஷுவுக்கு நடை திறக்கும். நான் உங்கள் இருமுடியையும் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போகிறேன். குழுவில் கேட்டால் கேட்கட்டும். நெய் கெடாது. ஒரு தேங்காய் மட்டும் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றிவிடுகிறேன். யாருடையது என்று தெரியவில்லை.

அங்கே தனியாக இருக்க வேண்டாம். இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. கடையில் சொன்னால் உங்களுக்கும் ஏதாவது வேலை இருக்கும். உடனே முடிவு சொல்ல வேண்டாம். யோசியுங்கள்.

தம்பி,
தேவநாதன்


விருத்தாசலம்
9.3.2025

அன்புள்ள தேவாவுக்கு,

நலம். டாக்டர் பார்த்தார். பங்குனி கடைசிக்குப் பிறகு நடக்கலாம், மெதுவாகப் படியும் ஏறலாம், பெரிய பாதை மட்டும் வேண்டாம் என்றார். சிவசங்கரி ராத்திரியில் பனியில் உட்காராமல் பார்த்துக்கொள்.

என் இருமுடியை நீ தூக்க வேண்டாம். நான் வருகிறேன்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று குழுவில் சொல்லிக்கொள்ளாதே. வரவில்லை. அங்கே இருக்கிற சாமி தேங்காயை எண்ணிக்கொண்டிருக்கும் என்று என்னால் நினைக்க முடியாது. ஆனால் நான் வாங்கிக்கொண்டேன். அரிசி என் இருமுடியில்தான் போட்டார்கள்.

ஏலக்காய்க் கடை வேலை பற்றி எழுதியிருந்தாய். சூளை பார்த்தவனுக்கு அது சரிப்படாது. அறை பற்றிப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாம் தேதி மறுபடி மாலை போட்டுக்கொண்டேன். குருக்கள், "இப்ப என்ன சாமி சீசன்?" என்றார். கழுத்தை நீட்டினேன். போன தடவை போட்டபோது கம்பெனியே சாமி என்று கூப்பிட்டது. இந்தத் தடவை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் திறக்கும் வரை யாரும் என்னை எதுவும் கூப்பிடுவதில்லை. பச்சைத் தண்ணீர், பாய் எல்லாம் உண்டு. பொய் பேசாமல் இருப்பது சுலபமாக இருக்கிறது. பேச ஆளில்லை.

பேட்டைப் பக்கம் ஒரே ஒரு நாள் போனேன். ஷிஃப்ட் விடுகிற நேரம். ஆராயி வெளியே வந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்காதே, வழி எனக்குத் தெரியும். உன் குழு வேகமாக ஏறினால் ஏறட்டும், நீயும் அவர்களோடு போ. எனக்காக நிற்க வேண்டாம். இந்தத் தடவை யாரிடமும் லீவு கேட்கவில்லை. எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஏறலாம்.

உன் அண்ணன்,
அன்புச்செல்வன்